ஆறுமுகத்தின் சம்பள சர்ட்டிபிகேட்

சம்பள ஜப்தி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தால் உடனே சட்டப் புத்தகத்தைத் திறக்காதீர்கள். "இங்க வர்றதுக்கு முன்னாடி யார் யார் பேச்சைக் கேட்டு என்னென்ன செஞ்சீங்க?" என்று முதலில் கேளுங்கள். கோர்ட் செய்த கெடுதலைக் கோர்ட்டிலேயே சரி செய்துவிடலாம். அவர்களாகச் செய்துகொண்டு வரும் கெடுதல் இருக்கிறதே, அதற்குத்தான் உங்கள் ஆயுளில் பாதி போகும். என் ஆயுளில் போயிற்று.

கொச்சி மட்டாஞ்சேரியில் தமிழ் பேசும் வக்கீல்கள் அப்போது அதிகம் இல்லை. "ஒரு தமிழ் கேஸ் உண்டு, மேடத்துக்கே விட்டுடலாம்" என்று மற்றவர்கள் என் பக்கம் தள்ளிவிட்டு சாயா குடிக்கப் போய்விடுவார்கள். தமிழ் கேஸ் என்றால் பெரும்பாலும் சம்பள ஜப்தி. நகரத்தைக் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு அந்தக் காலத்தில் அழைத்து வரப்பட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அதே வேலையில் நிரந்தரமாகியிருந்தார்கள். நிரந்தர வேலை என்றால் மாதச் சம்பளம். மாதச் சம்பளம் இருந்தால் சம்பள சர்ட்டிபிகேட் கிடைக்கும். அந்த ஒரு காகிதத்துக்குத்தான் ஊரே அவர்கள் வாசலில் வந்து நின்றது.

வெளியூரிலிருந்து வந்து தொழில் தொடங்கும் இளையவர்களுக்காக இதைச் சொல்கிறேன். கேரளத்தில் சீட்டை சிட்டி என்பார்கள். சிட்டி எடுத்தவர் மொத்தப் பணத்தையும் வாங்க வேண்டுமானால், மாதச் சம்பளக்காரர் ஒருவர் தன் சர்ட்டிபிகேட்டை வைத்து ஜாமீன் நிற்க வேண்டும். பணத்தை வாங்கிக்கொண்டவர் தவணை கட்டாவிட்டால் ஜாமீன்காரரின் சம்பளத்தில் கை வைப்பார்கள். கடைக்காரனிடம் லட்சம் லட்சமாகப் புரளும், ஆனால் சர்ட்டிபிகேட் கிடையாது. சாக்கடை ஓடை அள்ளுகிறவரிடம் அது இருக்கும். ஆகவே கடைக்காரனுக்கு ஓடை அள்ளுகிறவர் ஜாமீன். இந்தக் கூத்தை வேறெங்காவது கண்டதுண்டா?

ஆறுமுகம் என் அறைக்கு வந்தது தொண்ணூறுகளின் கடைசியில், கோடை விடுமுறைக்குக் கோர்ட் அடைக்கும் கடைசி நாள். ஐம்பதை நெருங்கும் ஆள். வெளுத்த சட்டை, இஸ்திரி மடிப்பு கலையாமல். கூடவே அவர் மனைவி செல்லத்தாய். சுக்குக் குடோனில் தரம் பிரிக்கிற வேலையிலிருந்து பாதியில் எழுந்து வந்திருந்தாள், அறை முழுக்கச் சுக்கு வாசனை. அவள்தான் பேசினாள்.

"கொச்சங்காடில சாக்கு யாவாரம் பண்ற ராஜனுக்கு இவரு ஜாமீன் போட்டாரு வக்கீலம்மா. அவன் பைசாவ வாங்கிட்டு அடைக்கலை. இப்ப இவரு சம்பளத்துல பிடிக்கச் சொல்லி கோர்ட்டுலேந்து கார்ப்பரேஷன் ஆபீசுக்கு ஆர்டர் வந்திருக்கு."

"கோர்ட் நோட்டீஸ் வந்திருக்குமே? கேஸ் நடந்தப்போ எங்கே போயிருந்தீங்க?"

ஆறுமுகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஒரு கெட்டிக்காரத்தனம். "நோட்டீஸ நான் கையில வாங்கவே இல்லியே. ரெண்டு தடவ சிப்பந்தி வந்தாரு. ஒப்பு, அதான் கையெழுத்து, போட மாட்டேன்னுட்டேன்."

"ஏன்?"

"ஒப்புப் போட்டாத்தானே கேஸு?"

கடவுளே! இதை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருப்பேன். வாங்க மறுத்தால், மறுத்தார் என்று எழுதி வைத்துவிட்டு, கொடுத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். அதன்பின் இவர் இல்லாமலேயே கேஸ் நடக்கும், இவர் இல்லாமலேயே தீர்ப்பாகும். அந்தத் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லிப் போனால், "ஏன் வரவில்லை?" என்று முன்சீப் கேட்பார். "நான் புத்திசாலி, அதனால் வரவில்லை" என்றா மனு எழுதுவது?

"அந்த ராஜனுக்கு எதுக்குங்க ஜாமீன் நின்னீங்க? சொந்தமா, பந்தமா?"

செல்லத்தாய் சொன்னாள்: "சேட்டான்னு கூப்பிட்டுட்டான். அதான்."

"அப்படீன்னா?"

"மார்க்கெட்டுல எல்லாரும் இவர, தமிழன்னு இளப்பமா, 'ஏ பாண்டி'ன்னுதான் கூப்பிடுவாங்க. கொஞ்சம் நல்லவுங்கன்னா அண்ணாச்சிம்பாங்க. ராஜன் வீடு தேடி வந்து, செருப்பக் கழட்டிட்டு உள்ள உக்காந்து, சொந்த அண்ணனக் கூப்பிடுற மாதிரி 'ஆறுமுகஞ்சேட்டா, ஒரு உபகாரம்'னான். இவரு அப்பவே மயங்கிட்டாரு. நான் அடுப்படியிலேந்து வேணாம் வேணாம்னு கையக் கையக் காட்டுறேன், திரும்பிப் பாத்தாத்தானே!"

"அவன் நம்ம வீட்டுல சாயா குடிச்சாண்டி," என்றார் ஆறுமுகம். அந்த அறையில் அவர் அழுத்திச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

எனக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. இருந்தாலும் வேலை வேலைதான். ஜப்தி ஆர்டரை எதிர்த்து அன்றைக்கே ஒரு மனு போட்டுவிட வேண்டும். விட்டால் கோர்ட் திறக்கும்வரை சம்பளத்தில் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். மனு எழுதி, டைப் அடித்து, இவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்க மாலையாகிவிடும். காகிதத்தை எடுத்துப் பேனா மூடியைக் கழற்றிய பிறகுதான், நான் மேலே சொன்ன கேள்வியைக் கேட்டேன்.

"வேற ஏதாவது செஞ்சீங்களா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ராஜிநாமா குடுத்துட்டேன்," என்றார் ஆறுமுகம்.

"என்னது?"

"இன்னிக்குக் காலைல. ஆபீசுல. கோர்ட்டு வராந்தாவுல மனு எழுதுற ஆளு ஒருத்தரு சொன்னாரு. வேலை இருந்தாத்தானே சம்பளம், சம்பளம் இருந்தாத்தானே ஜப்தி? பென்ஷன்ல கோர்ட்டு கை வைக்க முடியாதாம்."

பாதி உண்மை போல் கொல்லுகிற சாமான் வேறில்லை. பென்ஷனை ஜப்தி செய்ய முடியாது என்பது சரிதான். ஆனால் விருப்ப ஓய்வு வேறு, ராஜிநாமா வேறு. ராஜிநாமா ஏற்கப்பட்டால் அத்தனை வருஷச் சர்வீஸும் அடிபட்டுப் போகும். பென்ஷனே வராது. ஜப்தி செய்ய முடியாத பென்ஷனைக் காப்பாற்றுவதற்காக அந்தப் பென்ஷனையே தூக்கிக் கடலில் போட்டுவிட்டு, இஸ்திரி மடிப்போடு என் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார்!

நான் கத்தினேன் என்று செல்லத்தாய் பிற்பாடு எல்லாரிடமும் சொன்னாள். கத்தியிருப்பேன்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். கையில் இரண்டு வேலை. கோர்ட் அன்று மாலையோடு மூடுகிறது. ராஜிநாமாக் கடிதம் எந்த நிமிஷமும் அதிகாரி மேசைக்குப் போகலாம். மனுவுக்கும் இவர் வேண்டும், ஆபீசுக்கும் இவர் வேண்டும். படித்த படிப்பெல்லாம் மனுவைப் போடு என்கிறது. நமக்குத் தெரிந்த வித்தை அதுதானே! ஆனால் மனு தாமதமானால் ஒன்றிரண்டு மாதப் பிடித்தம் போகும். கடிதம் ஏற்கப்பட்டால் ஒரு ஆளின் உழைப்பு முழுவதும் போகும். நான் பேனாவை மூடினேன். "எழுந்திருங்க," என்றேன்.

ஆட்டோவில் போகும்போதும் அவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "குடுத்த பேப்பரத் திரும்பக் கேக்கறது நாணக்கேடு வக்கீலம்மா."

"வாய மூடிட்டு வாய்யா," என்றாள் செல்லத்தாய். எனக்கு அந்த வேலை மிச்சமாயிற்று.

ஆபீசில் சூப்பரண்டு நல்ல மனுஷர். கடிதம் இன்னும் அவர் ஃபைல் கட்டுக்குள்தான் இருந்தது. ஏற்றுக்கொள்ளும் முன்னால் திரும்பப் பெறலாம் என்று அவருக்கும் தெரியும். "எழுதிக் கொடுக்கட்டும், இப்போதே சேர்த்துவிடுகிறேன்" என்று மலையாளத்தில் சொல்லி வெள்ளைத் தாளை நீட்டினார். ஆறுமுகம் தாளை வாங்கிக்கொண்டு நின்றார். "சாரே, எம்மேல பாவப்பட்டு நீங்களே வேணாம்னு சொன்னதா எழுதிக்கலாமா?" என்றார். சூப்பரண்டு என்னைப் பார்த்தார். நான் உத்தரத்தைப் பார்த்தேன். கடைசியில் செல்லத்தாய் பேனாவைப் பிடுங்கி அவர் விரலில் திணித்தாள். கையெழுத்தான பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கோர்ட்டுக்குத் திரும்பியபோது கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். அந்த மாதமும் அடுத்த மாதமும் பிடித்தம் போயிற்று. போகட்டும்.

விடுமுறை முடிந்து மூவரும் நிதானமாக உட்கார்ந்தோம். எதிராளி ஒரு தனியார் சிட்டிக் கம்பெனி. ராஜன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை, ஆகவே ஜாமீன்காரரின் சம்பளத்தைப் பிடிக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். தெரியவில்லையாம்! கொச்சங்காடியில் மூட்டை தூக்கும் எந்தச் சுமட்டுத் தொழிலாளியைக் கேட்டாலும் ராஜன் குடோனைக் கை காட்டுவார். ஆனால் கடன்காரனை விட்டுவிட்டு ஜாமீன்காரரை மட்டும் பிடிக்கச் சட்டத்தில் இடமுண்டு. குடோனுக்கு ஜப்தி செய்யும் கோர்ட் ஆமீனை அனுப்பிச் சாக்கை எண்ணி ஏலம் போடுவதைவிட, மாதாமாதம் ஆபீசிலிருந்து தானாக வரும் பணம் சௌகரியம்.

வழிகளைச் சொன்னேன். சம்பளத்தை முழுதாகப் பிடிக்க முடியாது. முதல் நானூறு ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொடக்கூடாது என்று அப்போது சட்டம் (பின்னால் அந்த நானூறு ஆயிரமாயிற்று). ஒரே தீர்ப்புக்காக மொத்தம் இருபத்துநான்கு மாதம் பிடித்துவிட்டால் அதற்கு மேல் அந்தத் தீர்ப்புக்குப் பிடிக்கக் கூடாது. தவணை கேட்கலாம். ராஜன் மேல் இவரே தனியாக வழக்குப் போடலாம்.

"ராஜன் மேல கேஸு போட மாட்டேன்," என்றார்.

"ஏனய்யா?"

"அவம் பிள்ளைங்க ரோட்டுல பாத்தா என்னை மாமான்னு விளிக்குதுங்க."

சரி, இருக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வழியைச் சொன்னேன். உடலால் உழைக்கும் தொழிலாளியின் கூலியை அறவே ஜப்தி செய்யக் கூடாது என்று அதே சட்டத்தில் இருக்கிறது. பகுதி இல்லை, ஒரு பைசாக்கூடக் கூடாது. உத்தியோகஸ்தரின் சம்பளம் என்றால்தான் பங்கு கணக்கெல்லாம். கூலியை மாதத்துக்கு ஒருமுறை வாங்குவதால் மட்டும் ஒருவர் உத்தியோகஸ்தர் ஆகிவிட மாட்டார். இவர் கூண்டில் ஏறி, என்ன வேலை செய்கிறார் என்று சொன்னால் போதும். முன்சீப் ஒப்புக்கொண்டால் மொத்தமும் தப்பும்.

செல்லத்தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். ஆறுமுகம் முகம் இறுகிவிட்டது.

"நான் கூலிக்காரன்னு கோர்ட்டுல சொல்லணுமா?"

"ஆமா."

"சொல்ல மாட்டேன்."

எனக்குப் புரியவில்லை. செல்லத்தாய்தான் தலையில் அடித்துக்கொண்டு விளக்கினாள். அவர்கள் மகள் இடப்பள்ளியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா ஹெல்த் டிபார்ட்மெண்டில் வேலை என்று அவள் தோழிகளிடம் சொல்லி வைத்திருந்தாள். இவர் வேலைக்குப் போகும்போது இஸ்திரிச் சட்டையில் போய், அங்கே காக்கி மாற்றி, முடிந்ததும் குளித்து, மறுபடி இஸ்திரிச் சட்டையில் வருகிறவர். தெருவில் தன்னை ஆபீஸ் ஸ்டாஃப் என்றே சொல்லிக்கொள்வார். அவருக்கு அந்தப் பேரைக் கொடுத்தது சம்பள சர்ட்டிபிகேட். அதில் சீல் இருந்தது, ஊழியர் என்று எழுதியிருந்தது, நாலு பேர் அதைக் கேட்டு வந்தார்கள்.

"மாசா மாசம் பிடிக்கட்டும். நான் சம்பளக்காரனாவே இருந்துக்கறேன்," என்றார்.

"பிள்ளைக்கு ஹாஸ்டல் பீஸ் ரெண்டு மாசமாக் கட்டல. இந்த மாசம் கட்டலேன்னா பெட்டியத் தூக்கிட்டு வீட்டுக்கு வான்னு சொல்லிட்டாங்க. அப்ப அவ சினேகிதிங்க கிட்ட நீரு போயி ஸ்டாஃபுன்னு சொல்லும்!" என்றாள் செல்லத்தாய். அழவில்லை. அவளுக்கும் என்னைப் போலவே பற்றிக்கொண்டு வந்தது.

அவர் எழுந்து போய்விட்டார். விசாரணையன்று வருவாரா என்றுகூடத் தெரியாது. முதல் நாள் பெருமழை. கோர்ட் முன்னால் ஓடை அடைத்து, சாக்கடைத் தண்ணீர் படிவரை ஏறி நின்றது. காலையில் வந்து பார்த்தால் வடிந்திருந்தது. கூண்டுக்குப் பக்கத்தில் ஆறுமுகம் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரிச் சட்டைதான்.

நான் கேட்ட கேள்விகளுக்கு ஒற்றை வார்த்தையில் பதில். என்ன வேலை? "சுத்தம்." எப்படி? "ஆபீசுல சொல்றபடி." உள்ளுக்குள் அவரை வைதுகொண்டே உட்கார்ந்தேன். கம்பெனி வக்கீல் எழுந்தார். வாட்டசாட்டமான ஆள், குரலும் அப்படியே. சம்பள சர்ட்டிபிகேட்டை உயர்த்திப் பிடித்து மலையாளத்தில் கேட்டார்: "இது உங்களுடையதுதானே? நிரந்தர ஊழியர் என்று இருக்கிறது. மாதச் சம்பளம், லீவு, பென்ஷன் எல்லாம் உண்டு. நீங்கள் ஒரு உத்தியோகஸ்தர், இல்லையா?"

அவ்வளவு பெரிய மனிதர் அத்தனை பேர் முன்னால் அவரை உத்தியோகஸ்தர் என்று சொல்லிவிட்டார். ஆறுமுகத்தின் தோள் தானாக நிமிர்ந்ததைப் பார்த்தேன். போச்சு என்று நினைத்தேன். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்தது. பின்வரிசையில் செல்லத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் வக்கீல் கையிலிருந்த சர்ட்டிபிகேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்சீப் பொறுமையாக, "காலையிலிருந்து என்ன செய்வீர்கள், அதைச் சொன்னால் போதும்" என்றார்.

ஆறுமுகம் மலையாளத்தில்தான் ஆரம்பித்தார். இரண்டு வார்த்தைக்குப் பிறகு தமிழுக்கு மாறிவிட்டார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

"காலைல மார்க்கெட்டுல மீன் கழிவு அள்ளுவேன். அப்புறம் ஓடை. மழையில அடைச்சுக்கிட்டா ஸ்லாப்பத் தூக்கிட்டு உள்ள இறங்கணும். நெஞ்சு வரைக்கும் இருக்கும். கம்பு வச்சுக் குத்தினாப் போகாது, கையாலதான் எடுக்கணும்." ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "இன்னிக்கு விடியக்காலம் இந்தக் கோர்ட்டு முன்னாடி இருக்கிற ஓடையில நான்தான் இறங்கினேன். சாரு கார் நிறுத்தியிருக்கிறது அந்த ஸ்லாப்பு மேலதான்."

கம்பெனி வக்கீல் உட்கார்ந்துவிட்டார். வேறு கேள்வி இல்லை என்றார்.

அன்று மாலையே தீர்ப்பு. இவர் உடலுழைப்புத் தொழிலாளி, இவர் வாங்குவது கூலி, ஜப்தி செல்லாது. இதை எல்லாக் கோர்ட்டும் எப்போதும் இப்படியே ஒப்புக்கொள்ளும் என்று என்னை நம்பி யாரும் வாதாடாதீர்கள். ஆளைப் பொறுத்தது, வேலையைப் பொறுத்தது, கூண்டில் ஏறியவர் வாயைத் திறந்தாரா என்பதைப் பொறுத்தது.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். இவர் சம்பளம் கை நழுவிய இரண்டாவது வாரம், சிட்டிக் கம்பெனிக்கு ராஜனின் விலாசம் கிடைத்துவிட்டது. ஆமீன் குடோன் வாசலில் போய் நின்றதும் ராஜன் உள்ளே போய்ப் பணத்தை எடுத்து வந்து கட்டிவிட்டானாம். அத்தனை நாளும் அவனிடம் பணம் இருந்திருக்கிறது! இதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆர்டர் நகல் வாங்க ஆறுமுகமும் செல்லத்தாயும் வந்தார்கள். ஹாஸ்டல் பீஸ் கட்டிய ரசீதை அவள் எனக்குக் காட்டினாள். நான் ராஜன் கதையைச் சொன்னேன். கொஞ்சமாவது கோபப்படுவார் என்று பார்த்தேன்.

"தெரியும் வக்கீலம்மா. நேத்து மார்க்கெட்டுல பாத்தேன்," என்றார். "ஏ பாண்டின்னு கூப்பிட்டான்."

நான் நகலை நீட்டினேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்கு வராது. சீல் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"என் சம்பளத்த இனிமே யாரும் ஜப்தி பண்ண முடியாதா?"

"முடியாது."

"அப்ப என் சர்ட்டிபிகேட்ட இனிமே ஜாமீனுக்கு யாரும் எடுத்துக்க மாட்டாங்க, இல்லியா?"

"எவனும் எடுத்துக்க மாட்டான். நிம்மதியா இருங்க!"

"ஆமாய்யா, இனிமே ஒரு பய நம்ம வாசப்படி ஏற மாட்டான்," என்று செல்லத்தாய் வாய்விட்டுச் சிரித்தாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு சிரிக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது.

ஆறுமுகம் சிரிக்கவில்லை. நகலை நாலாக மடித்து இஸ்திரிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஏற மாட்டாங்கதான்," என்றார்.